ஆணி அடிக்காத சுவர்

1

வெளிநாட்டில் எங்களை வாட்டுவது குளிர் என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறீர்கள். குளிருக்கு மேலங்கி இருக்கிறது. எங்களை வாட்டுவது படிவம். டென்மார்க்குக்கு வந்த இந்த முப்பத்தாறு வருடங்களில் குழந்தை பிறந்ததற்கு, பல்லுப் பிடுங்கியதற்கு, வேலை போனதற்கு, வேலை கிடைத்ததற்கு என்று நான் நிரப்பிய படிவங்களுக்கு அளவே இல்லை. நிரப்பிப் பழகிவிட்டதால் கேள்வியைச் சரியாக வாசிக்காமலே பதில் சொல்லும் கெட்ட பழக்கமும் வந்துவிட்டது.

இந்தக் குறிப்பும் ஒரு படிவத்தில்தான் தொடங்குகிறது. நானும் என் கணவரும் இங்குள்ள வீட்டை விற்றுவிட்டு யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான உடுவிலிலே போய் இருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அப்படிப் போனால் ஓய்வூதியம் என்னாகும் என்று கேட்டு எழுதியதற்குப் பதிலாக ஒரு படிவம் வந்தது. கணினியில் நிரப்பி அனுப்ப வேண்டும். அதற்காக மகள் ஆரணி கொப்பன்ஹேகனிலிருந்து ரயிலேறி வந்தாள். அவள் வீட்டுக்கு வர இப்போதெல்லாம் ஒரு படிவமாவது வேண்டியிருக்கிறது.

நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் மேசையிலிருந்து கேள்விகளைத் தமிழாக்கிக் கேட்டாள். வேறு நாட்டில் வீடு இருக்கிறதா? ஓம். யாருடைய பெயரில்? என்னுடைய பெயரில். அங்கே யாராவது வசிக்கிறார்களா, வசித்தால் பெயர் என்ன, உறவு என்ன, எப்போதிலிருந்து?

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. சும்மாதான் கிடக்கு."

போய்க் குடியேற உத்தேசமா? ஓம் என்றேன். அவள் அழுத்த வேண்டியதை அழுத்தினாள். படிவம் போய்விட்டது.

சாப்பிடும்போதுதான் கேட்டாள். "அம்மா, அப்ப மாமா எங்க இருக்குது?"

"இருக்குது இல்லை, இருக்கிறார் எண்டு சொல்லு. எத்தினை தரம் சொல்லுறது?"

"சரி. மாமா எங்க இருக்கிறார்?"

"உடுவிலிலைதான். வேறை எங்கை?"

"எந்த வீட்டிலை?"

சோற்றுக் கரண்டியோடு நின்றுவிட்டேன். "எங்கடை வீட்டிலைதான்" என்றேன்.

"ஒருத்தரும் இல்லை எண்டு நீங்கள் சொன்னீங்கள்."

"அண்ணையைக் குடியிருக்கிற ஆள் எண்டு சொல்லுறேல்லைப் பிள்ளை. அவர் அண்ணையெல்லே."

எதிரே இருந்த என் கணவர் சிரித்தார். "வாடகைக்கு இருக்கிற ஆக்களையெல்லே உவங்கள் கேக்கிறாங்கள்" என்றார். ஆரணி சிரிக்கவில்லை. மாமாவுக்கு மரியாதை தெரியாமல் கதைக்கிறாள் என்று அவளைத் திருத்திய வாய்தான், அரை மணித்தியாலத்துக்கு முன் அந்த மனிதரை வீட்டிலேயே இல்லாமல் பண்ணியிருந்தது.

2

இங்குள்ள வீட்டுக்கு நாங்கள் வந்து முப்பத்தொரு வருடம். வரிசையாக ஒட்டிக் கட்டிய எட்டு வீடுகளில் ஆறாவது. படுக்கை அறைகள் மேல்மாடியில். இவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. தளபாடத் தொழிற்சாலையில் நின்று வேலை செய்த கால்கள். மாடிப்படியில் பக்கவாட்டாக நண்டு மாதிரி ஏறுகிறார். மகன் கனடாவுக்குப் போய்விட்டான். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றேன். காலையில் எழும்பினால் போக இடமில்லை. பனி விழுந்தால் வாசலை வழித்துத் துப்புரவாக்கி உப்புத் தூவ வேண்டும். அதையும் முடித்துவிட்டால் பிறகு பகல் முழுவதும் யன்னல்தான்.

பக்கத்து வீட்டுக்காரி கிர்ஸ்டன் போன வருடம் ஒரு சின்னத் தட்டுமாடி வீட்டுக்கு மாறிப் போனாள். நாற்பது வருடம் இருந்த வீட்டை மூன்று வாரத்தில் ஒழித்துக் காலியாக்கினாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எங்களுக்கு ஒரு ஏணியைத் தந்துவிட்டு, "எனக்கு இனி உயரம் வேண்டாம்" என்று சொல்லிப் போனாள். அவர்களுக்கு வீடு என்பது அந்தந்த வயதுக்கு ஏற்றது. அந்த வயது முடிந்தால் அந்த வீடும் முடிந்தது. இவர் அந்த ஏணியைப் பார்த்துப் பார்த்தே ஊருக்குப் போகும் கதையைத் தொடங்கினார்.

வீடு விற்கும் முகவர் ஒருவரை வரச் சொன்னோம். இவர் தன்னுடைய தொழிற்சாலை டேனிஷில், "நாங்கள் வீட்டுக்குப் போகிறோம், அதனால்தான்" என்று விளக்கத் தொடங்கினார். அந்தப் பெடியன் எங்களுக்கு அவசரம் என்று நினைத்து எழும்பிக் கைகொடுத்தான். எங்கள் வீட்டில் எங்கள் கதிரையில் இருந்துகொண்டு, வீட்டுக்குப் போகிறோம் என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, படங்களைக் கழற்றி, ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளை அடைத்து வையுங்கள், வாங்க வருபவர்களுக்கு வெறும் சுவர்தான் பிடிக்கும் என்று சொல்லிப் போனான்.

அன்று எண்ணிப் பார்த்தேன். கீழ்மாடியில் மட்டும் நாற்பத்தேழு ஆணிகள். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படங்கள், சாமிப் படங்கள், நாட்காட்டி, இவருக்குத் தொழிற்சாலையில் கொடுத்த மணிக்கூடு. ஒவ்வொரு ஆணியும் நானே அடித்தது. எனக்கு ஏதாவது விசர் வந்தால் சுவரில் ஒரு ஆணி அடிப்பேன் என்று இவர் எல்லோருக்கும் சொல்லித் திரிவார்.

3

உடுவில் வீட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். காணி அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. அதில் எனக்கு ஒரு கல்வீடு கட்டினால்தான் கலியாணம் என்ற நிலைமை. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர் அண்ணை. படிப்பை விட்டுவிட்டுக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்குப் போனார். தகப்பன் வழியில் அவருக்கு வரவேண்டிய தோட்டக் காணியை விற்றுத்தான் அத்திவாரம் போட்டார்கள். மேசனுக்குக் கையாள் கூலி மிச்சம் என்று பின்னேரங்களில் அவரே கல்லும் சீமெந்தும் சுமந்தார். வீடு எழும்பியது. சீதன உறுதிப் பத்திரத்தில் அது என் பெயருக்கு வந்தது. அப்பாவும் அம்மாவும் உயிரோடு இருக்கும்வரை அதில் இருக்கலாம் என்று சீவிய உரித்தும் எழுதினார்கள். அண்ணையைப் பற்றி உறுதியில் ஒரு எழுத்தும் இல்லை. ஆண்பிள்ளை, அவனுக்குக் கலியாணம் நடந்தால் வருகிறவளோடு ஒரு வீடும் வரும்தானே என்ற எண்ணம்.

அப்படி ஒரு சம்பந்தம் பேசி வந்ததுதான். நாட்டு நிலைமை குலைந்தது, அந்தக் குடும்பம் இந்தியாவுக்குப் போனது, கதையும் நின்றது. நான் கலியாணம் முடித்து மூன்று வருடத்தில் புறப்பட்டுவிட்டேன். அண்ணை அப்பா அம்மாவைப் பார்த்தார், இருவருக்கும் கொள்ளி வைத்தார், அந்த வீட்டிலேயே இருந்தார். வீடு கட்டி முடிந்து இப்போது நாற்பது வருடம்.

இருந்தார் என்று எழுதுகிறேன். எப்படி இருந்தார் என்பதை நான் நினைத்துப் பார்த்ததில்லை. பெரிய அறை எனக்கு. அது பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் திறந்து கூட்டி, மெத்தையின் பொலித்தீனைத் துடைத்துத் திரும்பப் பூட்டுவார். அவர் படுப்பது விறாந்தைக்குப் பக்கத்தில் உள்ள சாமான் அறையில். வெங்காயப் பிடிகளும் சைக்கிளும் அவரும்.

யுத்தத்தில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது தென்மராட்சிக்குப் போனார். திரும்ப விட்டவுடன் முதல் ஆட்களில் ஒருவராக ஓடிவந்தார். செல் விழுந்து கூரையில் ஒரு மூலை போயிருந்தது. எனக்குக் கடிதம் எழுதினார். "தங்கச்சி, கூரைக்கு ஓடு போடுறதோ தகரம் போடுறதோ? உன்னுடைய விருப்பத்தை அறியத்தரவும்." அந்தக் காலத்துத் தபால் போய்வர இரண்டு மாதம் எடுத்தது. நான் ஓடு என்று பதில் எழுதினேன். அந்த இரண்டு மாதமும் மாரி. பதில் வரும்வரை அவர் நனைந்துகொண்டு இருந்திருக்கிறார் என்பது எனக்கு இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு, இந்தப் படிவத்தால்தான் உறைத்தது.

4

ஆரணி கேள்வி கேட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். மனது குறுகுறுத்தாலும் படிவத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஊருக்கு வரும் எண்ணத்தை மட்டும் சொன்னேன்.

"அண்ணை, நாங்கள் இனி அங்கை வந்து இருப்பமோ எண்டு யோசிக்கிறம். ஒரேயடியாய்."

"நல்லது பிள்ளை. எப்ப?" என்றார்.

"இவருக்கு முழங்கால் ஒப்பரேசன் முடிஞ்சாப் பிறகு. முதல் நான் தனிய வந்து ஒரு மாதம் நிண்டு பாக்கிறன்."

"அப்ப வெள்ளை அடிக்கவேணும். மச்சானுக்குக் குளிக்க உள்ளுக்கை ஒரு பைப் வைக்கவேணும்." வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணைக்குச் சந்தோசம் என்று நினைத்தேன். தனியாக இருந்தவருக்கு இனி நாங்கள் துணை. அவருக்கு நேரத்துக்குச் சாப்பாடு, எங்களுக்கு ஊரைத் தெரிந்த ஒரு ஆள். அன்று நல்ல நித்திரை வந்தது. இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

5

நான் போய் இறங்கியபோது வாசல் படலையில் அண்ணை நின்றார். எழுபத்திமூன்று வயது. தோய்த்து மினுக்கிய வேட்டி, சேட்டு. வீடு புது வெள்ளையில் கண்ணைக் கூசச் செய்தது. பெரிய அறை திறந்திருந்தது. மெத்தையிலிருந்து பொலித்தீன் எடுத்தாகிவிட்டது. மேசையில் எனக்குப் பிடித்த பனங்காய்ப் பணியாரம், பக்கத்து வீட்டுப் பரிமளம் அக்காவிடம் சொல்லிச் சுட்டது.

கை கால் கழுவிக்கொண்டு வந்தபோது சாமான் அறைக் கதவு திறந்திருந்ததைக் கண்டேன். எட்டிப் பார்த்தேன். வெறும் அறை. கட்டில் இல்லை, சைக்கிள் இல்லை, வெங்காயம்கூட இல்லை. நிலத்தைத் தேய்த்துக் கழுவி, அதற்கும் வெள்ளை அடித்திருந்தது.

"அண்ணை, உங்கடை சாமானுகள் எங்கை?"

"அச்சுவேலியிலை ஒரு அறை எடுத்திட்டன் பிள்ளை. சந்தைக்குக் கிட்ட. போன கிழமையே எல்லாம் ஏத்திப்போட்டன்."

"என்னத்துக்கு?"

"நீங்கள் வரப்போறியளெல்லே?"

"வந்தால்? ஆர் உங்களைப் போகச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீ ஏன் சத்தம் போடுறாய்? வந்துபோற ஆக்களோடை இருக்கிறது வேறை. மச்சான் குடும்பமாய் வந்து இருக்கிற வீட்டிலை நான் என்னெண்டு இருக்கிறது? நீ வரும்வரைக்கும் பாத்துக்கொண்டன். நீ வந்திட்டாய். அவ்வளவுதானே."

கோபம் ஒரு துளியும் இல்லாமல் சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது. நாற்பது வருடச் சாமான் எல்லாம் ஒரே ஓட்டோவில் அடங்கிவிட்டதாம். அதைக் கொஞ்சம் பெருமையாகவும் சொன்னார். பிறகு திறப்புக் கோர்வையை என் கையில் தந்து, எது எந்தக் கதவுக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பொழுதுபடமுன் பஸ் பிடிக்க வேண்டும் என்று புறப்பட்டார். நான் அந்தப் பணியாரத்தைத் தொடவில்லை.

6

மூன்றாம் நாள் அச்சுவேலிக்குப் போனேன். ஒரு வீட்டின் பின்பக்கத்து அறை. குளிக்கவும் குடிக்கவும் தண்ணீர் முன்வீட்டுக் கிணற்றிலிருந்து வாளியில் தூக்க வேண்டும். எழுபத்திமூன்று வயது மனிதர். இழுத்துக்கொண்டாவது வீட்டுக்குக் கூட்டிப்போவது என்ற முடிவோடுதான் உள்ளே போனேன்.

உள்ளே சுவரில் ஆணிகள். கதவுக்கு நேரே அப்பா அம்மாவின் படம். அதற்குப் பக்கத்தில் நாட்காட்டி. ஒரு ஆணியில் சேட்டு, ஒரு ஆணியில் குடை. இன்னொரு ஆணியில் நான் எந்தக் காலத்திலோ அனுப்பிய குளிர்த் தொப்பி. உடுவில் வீட்டில் இப்படி எதையும் நான் கண்டதில்லை. அங்கே படம் மேசையில் சாய்ந்திருக்கும். சேட்டு யன்னல் கம்பியில் கட்டிய கயிற்றில் தொங்கும். அண்ணைக்கு அப்படித்தான் பழக்கம் என்று இருந்துவிட்டேன்.

"வீட்டிலை ஏன் ஒரு ஆணியும் அடிக்கேல்லை அண்ணை?"

தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "உன்ரை சுவரெல்லே" என்றார்.

பிறகு, என்னைத் தேற்றுவதற்காகத்தான், "இது வாடகை அறைதான் பிள்ளை. எண்டாலும் எனக்கெண்டு எடுத்தது. பிரச்சினை இல்லை, நான் சந்தோசமாய் இருக்கிறன்" என்றும் சொன்னார்.

அது உண்மை என்று தெரிந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அவரைத் திரும்பக் கூட்டிப்போய் அந்தச் சாமான் அறையில் விடுவதற்கா நான் வந்தேன்? அவர் போன கிழமை வந்த இந்த அறையில் ஐந்து ஆணி அடித்திருக்கிறார். தானே கல் சுமந்து கட்டிய வீட்டில் நாற்பது வருடத்தில் ஒன்றுகூட இல்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் தனியே பஸ் ஏறினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண், "என்னக்கா, செத்த வீட்டுக்குப் போட்டு வாறியளோ?" என்று கேட்டாள்.

7

அன்று பின்னேரம் இவருக்கு எடுத்துக் கதைத்தேன். ஊருக்குப் போவது இவருடைய கனவு. அதனால் வீட்டை அண்ணைக்கே எழுதிவிடும் எண்ணத்தைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், "அது மச்சான் கட்டின வீடு. நீர் செய்யிறதைச் செய்யும்" என்றார்.

யாழ்ப்பாணத்தில் உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் அண்ணையைக் கூட்டிப் போனேன். வீட்டை அவருக்கே நன்கொடையாக எழுதித்தர வேண்டும் என்று கேட்டேன். நொத்தாரிசு பழைய உறுதியை விரித்து வாசித்துவிட்டு, "நீங்கள் குடுத்தால் காணாது அம்மா. ஏற்கிறன் எண்டு அண்ணரும் கையெழுத்து வைக்கவேணும்" என்றார்.

"நான் வைக்கமாட்டன்" என்றார் அண்ணை.

"ஏன் அண்ணை?"

"ஆரணிக்குப் போகவேண்டிய வீடு. பெட்டைப் பிள்ளையின்ரை வீட்டை மாமன்காரன் எழுதி வாங்கினான் எண்டு கேக்கவோ?"

"அப்ப சீவிய உரித்தாவது எழுதுவம். நீங்கள் இருக்குமட்டும் உங்களை ஒருத்தரும் எழுப்ப ஏலாது. பிறகு ஆரணிக்கே போகும்."

"என்னை ஆர் எழுப்பினது? நானாய்த்தானே போனன்."

நொத்தாரிசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் சொத்துச் சண்டைகளை நிறையப் பார்த்திருப்பார். ஆனால் எனக்குத்தான் வேண்டும் என்று நடக்கும் சண்டைகள்தான் அதிகமாக இருந்திருக்கும்.

பஸ் தரிப்பிடத்து வாங்கில் இருவரும் போய் இருந்தோம். எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. அவர் மேலா, என் மேலா என்று பிரிக்கத் தெரியாத கோபம். அந்தக் கோபத்தில்தான் படிவத்தைச் சொன்னேன்.

"அண்ணை, அங்கை அரசாங்கத்திலை கேட்டவங்கள், உங்கடை வீட்டிலை ஆர் இருக்கினம் எண்டு. நான் ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். யோசிச்சுச் சொல்லேல்லை. நினைப்பே வரேல்லை. ஆரணி கேட்டாப் பிறகுதான் நீங்கள் இருக்கிறது நினைப்பு வந்தது."

அவர் திட்டினால் நல்லது என்று இருந்தது. அவர் வீதியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இரண்டு பஸ் போனது.

"விதானையாற்றை பதிவிலை எங்கடை வீட்டுக்கு என்ன கிடக்கெண்டு தெரியுமோ?" என்றார். கிராம சேவகரை எங்கள் ஆட்கள் இன்னமும் விதானையார் என்றுதான் சொல்வார்கள். "குடும்பத் தலைவர் எண்ட இடத்திலை உன்ரை பேர். வெளிநாடு எண்டு அடைப்புக்குள்ளை. என்ரை பேருக்கு நேரை, காவல் இருப்பவர்."

"ஆர் அப்பிடி எழுதினது?"

"நான்தான். முந்தின விதானையார், தமையன் எண்டு எழுதுவம் எண்டவர். நான்தான் வேண்டாம், காவல் எண்டு எழுதுங்கோ எண்டனான்." தலையைக் குனிந்தார். "மறந்தது நீ மட்டுமில்லைப் பிள்ளை. நான் இருக்கிறது எனக்கும் நினைப்பு வரேல்லை."

அப்படி அவர் சொன்னதும் நான் அழத் தொடங்கிவிட்டேன். பஸ் தரிப்பிடத்தில் இருந்த சனம் எல்லாம் பார்த்தது. அண்ணை சால்வையை எடுத்து என் கையில் தந்தார். அடுத்து வந்த பஸ்ஸில் ஏறும்போது, "உறுதி கிறுதி ஒண்டும் எனக்கு வேண்டாம்" என்றார். "பதிவை வேணுமெண்டால் மாத்துவம்."

மறுநாள் காலையில் மாற்றினோம். இப்போதைய கிராம சேவகர் சின்னப் பிள்ளை, என் மகளின் வயதிருக்கும். பழைய வரியை வெட்டி, குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அண்ணையின் பெயரை எழுதினாள். காவல் இருப்பவர் என்ற இடத்தில் யாருடைய பெயர் என்று கேட்டாள். ஒருத்தரும் இல்லை என்றார் அண்ணை.

அன்று பின்னேரமே அச்சுவேலியிலிருந்து ஓட்டோ திரும்பி வந்தது. அப்பா அம்மாவின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுக் கூடத்தில் நின்றார் அண்ணை. "எங்கை அடிக்க?"

"என்னைக் கேக்காதேங்கோ."

மடக்கிய விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். இதிலே கல், ஆணி இறங்காது. இதிலே பூச்சு தடிப்பு, நிற்காது. எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வைத்தவரே அவர்தானே. கடைசியில் ஓரிடத்தில் அடித்தார். புது வெள்ளையில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் விளக்குமாற்றை எடுத்துக் கூட்டினேன்.

பெரிய அறைக்கு அவர் மாறவில்லை. நான் கேட்டதற்கு, சாமான் அறைக்குத்தான் காற்று வரும், படலைச் சத்தமும் கேட்கும் என்றார். அது அவருடைய விருப்பம். நான் வற்புறுத்தவில்லை.

8

டென்மார்க்குக்குத் திரும்பி வந்தபோது இவர் கீழ்மாடி ஆணிகளில் பாதியைப் பிடுங்கி, ஓட்டைகளைப் பசையால் அடைத்து வைத்திருந்தார். வலிக்கு முழங்காலில் சுற்றிய கட்டோடு நின்று செய்த வேலை. ஊருக்குப் போகும் ஆசை எவ்வளவு என்று அந்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தபோது விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை ஆரணி வந்தாள். படிவத்தில் பிழை இருந்தால் திரும்பவும் முதலிலிருந்து நிரப்பி அனுப்ப வேண்டுமாம். சரி, நிரப்புவோம் என்றேன். இந்த முறை வெங்காயம் வெட்டவில்லை. அவளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன்.

யாராவது வசிக்கிறார்களா? ஓம். பெயர்? மாமாவின் முழுப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவளுக்கு அது அன்றுதான் முதல் முறையாகத் தெரிந்தது. உறவு? தமையன். எப்போதிலிருந்து?

"வீடு கட்டினதிலையிருந்து. அதுக்கு முதலே. அத்திவாரம் வெட்டினதிலையிருந்து."

"அம்மா, ஒரு வருசம்தான் போடலாம்."

வருடத்தைச் சொன்னேன். பிறகு கடைசிக் கேள்வி. போய்க் குடியேற உத்தேசமா? முன்பு யோசிக்காமல் ஓம் என்ற இடம். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு அண்ணைக்கு எடுத்தேன். இவரும் மாடிப்படியில் வந்து இருந்துகொண்டார்.

"அண்ணை, ஒரு விசயம் கேக்கவேணும். நாங்கள் அங்கை வந்து இருக்கலாமோ? உங்களுக்குச் சரியோ?"

இந்த நாற்பது வருடத்தில் இப்படி எதையாவது கேட்டால், உன்ரை வீட்டுக்கு வர ஏன் கேக்கிறாய் என்றுதான் பதில் வரும். நான் அதற்குத்தான் காத்திருந்தேன்.

அண்ணை தொண்டையைச் செருமினார். "இப்ப வேண்டாம் பிள்ளை" என்றார். "மாரி வரப்போகுது. கூரை ஒழுகுது, ஓடு மாத்த ஆள் பிடிச்சிட்டன், நாளைக்கு வருவாங்கள். அந்தச் சாமான் அறையிலை இன்னொரு யன்னலும் இடிச்சு வைக்கப்போறன். எல்லாம் முடியட்டும். தை பிறந்தாப் பிறகு நான் யோசிச்சுச் சொல்லுறன்."

ஓடா தகரமா என்று என்னைக் கேட்கவில்லை. யன்னல் வைக்கலாமா என்றும் கேட்கவில்லை. சரி அண்ணை என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். இத்தனை வருடத்தில் தன் வசதிக்காக அவர் எனக்குச் சொன்ன முதல் 'வேண்டாம்' அது. ஒரு மனிதர் தன்னுடைய வீட்டில் இருந்துகொண்டு கதைத்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன்.

"என்னவாம்?" என்றார் இவர்.

"பொறுக்கட்டாம்."

இவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டு, அடைத்த ஓட்டைகளை ஒருமுறை பார்த்தார். பிறகு, "அந்த மணிக்கூட்டைத் திரும்ப மாட்டவோ?" என்று கேட்டார். மாட்டுங்கோ என்றேன்.

ஆரணி படிவத்தோடு காத்திருந்தாள். "என்ன போட அம்மா? ஓமோ, இல்லையோ?"

"ரண்டும் வேண்டாம்" என்றேன். "வீட்டுச் சொந்தக்காரர் இன்னும் முடிவு சொல்லேல்லை எண்டு எழுது."